எட்வேட் அண்ணையின் லைசென்ஸ்

கடிதத்தை மக்டலீன் மூன்று தரம் வாசித்தாள். முதல் தரம் ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் தரம் விளங்கியது. மூன்றாம் தரம் வாசித்தபோது உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்ராறியோவில் வீடு விற்கிற முகவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் ஒரே அலுவலகம். அங்கிருந்துதான் அது அவளுடைய மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. டோர்செட் பார்க்கில் வசந்த காலத்தில் வீடு வாங்கிய மயூரி என்கிற பெண் முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். பேஸ்மென்டில் ஆட்கள் குடியிருக்கலாம், எல்லாம் சட்டப்படி இருக்கிறது, நானே நேரில் பார்த்து உறுதி செய்தேன் என்று முகவர் மக்டலீன் கையெழுத்து வைத்துத் தந்தார். அதை நம்பி வாங்கினோம். இப்போது தீயணைப்புப் பகுதியின் பரிசோதகர் வந்து, இந்த ஜன்னலால் ஒரு வளர்ந்த ஆள் வெளியே வர முடியாது, இங்கே இனி ஒருவரும் படுக்கக் கூடாது என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு உங்கள் பதில் என்ன என்று அலுவலகம் கேட்டிருந்தது. இருபது நாட்களுக்குள் எழுத்தில் தரவும்.

கூடவே அந்த உறுதித் தாளின் பிரதியும் இருந்தது. அடியில் மக்டலீனின் கையெழுத்து. கணினியில் ஒரு பொத்தானை அமத்தினால் தானாக வந்து விழுகிற சாய்வெழுத்துக் கையெழுத்து.

மக்டலீன் அந்த வீட்டுப் படியை மிதித்ததே இல்லை. மயூரி கறுப்போ சிவப்போ என்றும் அவளுக்குத் தெரியாது.

இது எப்படி நடக்கும் என்று வெளியாட்கள் கேட்கலாம். ஸ்காபரோவில் கேட்டால் சிரிப்பார்கள். மக்டலீனின் கணவர் எட்வேட், பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர், பதினொரு வருடத்துக்கு முன் வீட்டு முகவராகப் போகிறேன் என்று புத்தகங்களை வாங்கிக்கொண்டு வந்தார். தனியே படிக்க அலுப்பென்று மக்டலீனையும் அதே வகுப்பில் பதிந்தார். அவளுக்கு அப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் வேலை. விக்ரோறியா பார்க் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள், உருளைக்கிழங்கு அவியும் நேரத்தில் படித்தாள், எல்லாப் பரீட்சையும் முதல் தரத்திலேயே பாஸ் பண்ணினாள். எட்வேட் இரண்டாம் பரீட்சையை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் பெயில். "உவங்கள் வேணுமெண்டே சுத்திவளைச்சுக் கேக்கிறாங்கள்" என்று புத்தகங்களைக் கராஜுக்குள் எறிந்துவிட்டு, ஒரு மாதம் வீட்டில் ஒருவரோடும் முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு மாத முகத்தை மக்டலீனால் தாங்க முடியவில்லை. அங்கேதான் அவள் பிழை விட்டாள். பிறகு அவளே அதை எழுதி ஒத்துக்கொண்டாள், ஆகவே நானும் பூசி மெழுகத் தேவையில்லை.

"லைசென்ஸ் ஆற்றை பேரில இருந்தா என்ன, வீடு ஒண்டுதானே," என்று ஒருநாள் எட்வேட் முகம் தெளிந்து சொன்னார். "நீர் பேப்பர் வேலையைப் பாரும். சனத்தை நான் பாக்கிறன்."

சனத்தைப் பார்ப்பதில் மனிதர் கெட்டிக்காரர். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறவர்களுக்கும், பிறந்தநாள் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவர்களுக்கும், செத்தவீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறவர்களுக்கும் அவருடைய கார்ட் போய்ச் சேர்ந்தது. பஸ் தரிப்பில் சனம் குந்துகிற வாங்குகளின் முதுகில் அவருடைய படம் வந்தது. கோட், கழுத்தில் ரை, பல் தெரியச் சிரிப்பு. தோளுக்குப் பின்னால் பாதி முகத்தோடு மக்டலீன். "வீடு என்றால் எட்வேட் அண்ணை" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சட்டத்துக்குப் பயந்து அவளுடைய பெயர் கீழ் மூலையில் எறும்பளவில் இருக்கும். விலை கேட்டு எழுதுவது, திருத்துவது, வழக்கறிஞரோடும் வங்கியோடும் மாரடிப்பது, வருடாவருடம் லைசென்சைப் புதுப்பிப்பது, அதற்கான வகுப்புகளை இணையத்தில் படித்து முடிப்பது எல்லாம் அவள். கைகுலுக்குவது அவர்.

போதாக்குறைக்குச் சங்கம் ஒன்று. ரொறன்ரோ தமிழ் வீட்டு முகவர் ஒன்றியம். அதைத் தொடங்கிய தியாகலிங்கம், முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். சங்கத்துக்கு விதிகள் வகுக்கிற யாப்பை எழுதப் பஞ்சிப்பட்டு, தன்னுடைய ஊர்ச் சங்கத்தின் யாப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் பதிந்துவிட்டார். ஊர்ச் சங்கத்தில் குடும்பத்துக்கு ஓர் அங்கத்துவம், குடும்பத்துக்கு ஒரு வாக்கு. முகவர் ஒன்றியத்திலும் அப்படியே ஆகிவிட்டது. லைசென்ஸ் வைத்திருந்த பெண்களின் வீடுகளிலிருந்து புருஷன்மார் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுக் குந்தினார்கள். வைத்தியர் சங்கத்தில் வைத்தியரின் புருஷன் போய்த் தலைவராக இருப்பாரா? இங்கே இருக்கலாம். எட்வேட் இரண்டு வருடம் செயலாளராக இருந்தார். வருகிற ஞாயிறு ஆண்டுக் கூட்டத்தில் தலைவராக வர இருந்தார்.

அந்தக் கூட்டத்துக்கென்று தோய்த்து எடுத்த கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எட்வேட் வீட்டுக்குள் வந்தபோது, மக்டலீன் ஃபோனை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அவர் கண்ணாடி இல்லாமல் கையை எட்டப் பிடித்து வாசித்தார்.

"உது பெரிய விசயமில்லை," என்றார்.

"அந்த ஜன்னலை நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"அளந்தனீங்களோ?"

"அளக்கிறதுக்கு நான் என்ன ஜன்னலுக்குக் கேற்றின் தைக்கிறவனே?"

"என்ர பேரில எழுதிக் குடுத்திருக்கிறியள். நான் நேரில போய்ப் பாத்தனான் எண்டு. என்ர ஈமெயிலுக்குள்ள போய், என்ர கையெழுத்தை வைச்சு."

"வீடு வாங்க வந்த பிள்ளை கடைசி நேரத்தில பின்னடிச்சுது. எழுத்தில இருந்தா நம்பும் எண்டு ஒரு தாளைக் குடுத்தன். வேற ஆற்றை பேரில குடுக்கிறது? எனக்கு லைசென்ஸ் இல்லையெல்லோ!"

அதை ஏதோ அவள்தான் ஒளித்துவைத்த மாதிரி ஒரு குறையாகச் சொன்னார். பதினொரு வருடத்தில் அவள் இந்த மனிதரோடு சத்தம் போட்டுக் கதைத்தது கைவிரலில் எண்ணக்கூடிய தரம். இப்போது போட்டாள். கள்ளக் கையெழுத்து என்றாள், பொலிசுக்குப் போகலாம் என்றாள். அவர் கோட்டை அலுமாரியில் கொழுவி, சுருக்கம் விழாமல் தடவிவிட்டார்.

"கத்திறதை விட்டிட்டுச் சொல்லுறதைக் கேளும். போய்ப் பாத்தனான், வித்தவன் பொய் சொல்லிப்போட்டான் எண்டு எழுதும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்."

மூச்சு விட்டது அவரேதான். அடுத்தநாள் தியாகலிங்கம் அழைத்தார்.

"தங்கச்சி, நான் உவன் எட்வேட்டுக்காகக் கதைக்கேல்லை. உங்களுக்காகத்தான் கதைக்கிறன்," என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்கள் ஆருக்காகக் கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "உந்த அலுவலகத்தின்ரை போக்கு எனக்கு வடிவாத் தெரியும். பாத்தனான், பிழைச்சுப்போச்சு எண்டால் ஒரு எச்சரிக்கையோட விட்டிடுவாங்கள். நான் பாக்கேல்லை, லைசென்ஸ் இல்லாத மனிசனைப் போக விட்டனான் எண்டு வாயைத் திறந்தியளோ, உங்கட லைசென்ஸ்தான் போகும். அவனிட்டைப் பறிக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

"அண்ணை, அவர் செய்தது பிழையெண்டு உங்களுக்குத் தெரியுதோ இல்லையோ?"

"பிழைதான். ஆனால் எங்கட ஆக்களில ஒருத்தர் ரெண்டு பேரே இப்பிடிச் செய்யினம்? ஒண்டைத் தோண்டினா எல்லாம் வெளியில வரும். சங்கத்துக்குத்தான் கெட்ட பேர்."

அவர் சொன்ன கணக்கு சரி என்பதுதான் மக்டலீனுக்கு இன்னும் எரிச்சல். பொய் சொன்னால் லைசென்ஸ் இருக்கும். உண்மை சொன்னால் போகும். அவளுக்கென்று இந்த நாட்டில் அவள் பெயரில், அவள் மூளையால் வந்தது அது ஒன்றுதான். வீட்டுப் பத்திரத்தில்கூட முதற்பெயர் எட்வேட்டுடையது. பொய்யை எழுதுவதற்கு ஐந்து வரி போதும். புதன்கிழமை அந்த ஐந்து வரியை எழுதியும் வைத்தாள். அனுப்பவில்லை. பார்த்தேன் என்று எழுதிய வீட்டை ஒருதரமாவது பார்த்துவிட்டு அனுப்புவோம் என்று நினைத்தாள். வியாழக்கிழமை பின்னேரம் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

மயூரி முதியோர் இல்லத்து வேலை உடுப்போடு கதவைத் திறந்தாள். முப்பது வயது இருக்கும்.

"ஆர் வேணும், அக்கா?"

"மயூரியோ? நான் மக்டலீன்."

மயூரியின் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

"நான்தான் உங்கட ஏஜென்ட்," என்றாள் மக்டலீன்.

மயூரி சிரிக்கப் பார்த்தாள். "இல்லையே அக்கா. எங்கட ஏஜென்ட் எட்வேட் அண்ணையெல்லோ."

"அப்ப முறைப்பாட்டில என்ர பேரை எப்பிடி எழுதினீங்கள்?"

"பேப்பரில இருக்கிற ஏஜென்ட் பேரை எழுதச் சொன்னவை, எல்லாத்திலயும் அந்தப் பேர்தான் இருந்துது. நான் அது கொம்பனியின்ர பேராக்கும் எண்டு நினைச்சன்."

வாசலில் நின்ற மக்டலீனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பதினொரு வருடம் இரவு பகலாக வேலை செய்து அவள் ஒரு கொம்பனிப் பெயர் ஆகியிருக்கிறாள். இதற்கு மயூரியோடு கோபிக்க முடியாது. பஸ் தரிப்பு வாங்கில் எறும்பளவில் எழுதினால் சனம் வேறு எப்படி நினைக்கும்?

அவள் யார் என்று முழுதாக விளங்கியதும் மயூரியின் குரல் மாறிவிட்டது. உள்ளே வாருங்கோ என்று சொல்லவில்லை. வந்து பாருங்கோ என்று சொன்னாள். கூடத்தில் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு இரண்டு மெத்தைகள் போட்டிருந்தன. மயூரியின் தம்பி, மனைவி, நாலு வயதுப் பிள்ளை மூவரும் இப்போது அங்கேதான் படுக்கை. அவர்கள் கிளிநொச்சியிலிருந்து வந்து இறங்குவார்கள் என்றுதான் இந்த வீட்டையே பார்த்துப் பார்த்து வாங்கினாளாம். பேஸ்மென்டில் கழற்றிய கட்டில் சட்டங்கள் சுவரில் சாய்ந்து நின்றன.

மக்டலீன் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏறி அந்த ஜன்னலைத் திறந்தாள். முக்கால்வாசி திறந்து நின்றுவிட்டது. தலையை விட்டாள், போனது. தோளை விட்டாள், போகவில்லை. சரித்து விட்டுப் பார்த்தாள். சட்டம் தோள்மூட்டில் இடித்தது. ஜன்னலின் அளவு, திறக்கிற இடத்தின் அளவு, நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதெல்லாம் இரண்டாம் பரீட்சையில் வந்த பாடம். எட்வேட் மூன்று தரம் பெயில் விட்ட அதே பரீட்சை. அந்தப் பக்கத்தில் அவள் பச்சை மையால் கோடு இழுத்தது ஞாபகம் வந்தது. ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடம் அவள் இங்கே வந்து நின்றிருந்தால் அந்த நாலு வயதுப் பிள்ளை நிலத்தில் படுத்திராது.

"நீங்கள் முதல்லயே வந்து பாத்திருந்தா எங்களுக்குச் சொல்லியிருப்பியளோ?" என்று மயூரி கேட்டாள்.

"ஓம். வாங்க விட்டிருக்க மாட்டன்."

"அப்ப ஏன் வரேல்லை?"

மக்டலீன் கதிரையிலிருந்து இறங்கினாள். கேட்ட கேள்வி நியாயமானது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றாள். மயூரி விளக்கை நூர்த்துவிட்டு மேலே ஏறினாள். காருக்குள் போய் இருந்ததும் மக்டலீன் எழுதி வைத்த ஐந்து வரியையும் அழித்தாள். எட்வேட்டில் வந்த கோபம் பாதி இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது. அது மற்றதைவிட மோசமாகக் கடித்தது.

ஞாயிறு மத்தியானம் ஒரு விருந்து மண்டபத்தில் ஆண்டுக் கூட்டம். வாசலில் வரவுப் பதிவேட்டோடு ஒரு பெடியன் இருந்தான். மக்டலீன் பெயரைச் சொல்ல அவன் விரலால் தேடி, "எட்வேட் அங்கிள் ஃபமிலிக்கு சைன் பண்ணிட்டார், அன்ரி. யூ ஆர் ஓகே," என்றான். அவள் ஓகேதான். கதிரைகள் எல்லாவற்றிலும் ஆண்கள். பின்சுவரோடு தேத்தண்ணி மேசை, ரோல்ஸ் தட்டு, பேப்பர்க் கோப்பைகள். அங்கே பெண்கள். தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்த நிரூபா, மக்டலீனோடு அதே வருடம் பரீட்சை எழுதியவள், ஒரு கோப்பையை அவள் கையில் திணித்தாள்.

தியாகலிங்கம் மேடையில் ஏறினார். சென்ற வருட அறிக்கை வாசிக்கப்பட்டது. கைதட்டல். தொழிலின் கண்ணியம் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். கைதட்டல். பிறகு தலைவர் தெரிவு. ஒரேயொரு விண்ணப்பம்தான் வந்திருக்கிறது என்று தாளைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒலிவாங்கியில் வாசித்தார். பெயர் எட்வேட். தொழிலில் அனுபவம் பதினொரு வருடம். பதிவு இலக்கம் என்று சொல்லி ஏழு எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"அது என்ர நம்பர்," என்றாள் மக்டலீன்.

பின்சுவரிலிருந்து வந்த குரல் முன்னால் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. தலைகள் திரும்பின.

"என்ன தங்கச்சி?"

"நீங்கள் இப்ப வாசிச்சது என்ர லைசென்ஸ் நம்பர் அண்ணை. அவருக்கு நம்பர் இல்லை."

முன்வரிசையில் எட்வேட் எழும்பி, சனத்தைப் பார்த்துச் சிரித்தார். பஸ் தரிப்பு வாங்கில் இருக்கிற அதே சிரிப்பு. "எங்கட வீட்டில எல்லாம் பொதுச் சொத்து. மனிசிக்கும் எனக்கும் ரூத்பிரஷ் மட்டுந்தான் வேற," என்றார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்புத்தான் அவளை உடைத்தது. பிறகு சொன்னார்கள், எட்வேட் அந்தப் பகிடியை விடாமல் இருந்திருந்தால் அவள் பேசாமல் போயிருப்பாள் என்று. அப்படி இல்லை. ஆனால் இவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க மாட்டாள்.

"சிரியுங்கோ," என்றாள். "டோர்செட் பார்க்கில ஒரு நாலு வயசுப் பிள்ளை நிலத்தில படுக்குது. நெருப்புப் பிடிச்சா வெளியில வரேலாத ஒரு அறையை, நான் நேரில பாத்தனான் எண்டு என்ர கையெழுத்தை வைச்சு வித்திருக்கிறார் உங்கட தலைவர். நான் பாக்கேல்லை. பதினொரு வருசமா நான் ஒரு வீட்டையும் பாக்கேல்லை. படிச்சது நான். பாஸ் பண்ணினது நான். அந்த வீட்டை வாங்கின பிள்ளைக்கு என்ர பேர் ஒரு கொம்பனிப் பேர். விட்டது என்ர பிழைதான். அதையும் சொல்லுறன். ஆனால் ஒரு விசயம் கேக்கிறன். இஞ்ச இருக்கிற ஆக்களில சொந்தப் பேரில லைசென்ஸ் உள்ள ஆக்கள் கையை உயத்துங்கோ. சொந்தப் பேரில!"

தியாகலிங்கத்தின் கை உயர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, மனிதருக்கு லைசென்ஸ் உண்டு. முன்வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் உயர்ந்தன. பாதிக்கு மேல் கதிரைகளில் கைகள் மடியிலேயே கிடந்தன. சிலர் கைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டினார். மக்டலீனுக்குப் பக்கத்தில் நிரூபாவின் கை எழும்பியது. அவளுடைய புருஷன் நாலாம் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். எழும்பின கை காதோரத்து மயிரை ஒதுக்கிவிட்டுக் கீழே வந்தது.

"உயத்து நிரூபா," என்றாள் மக்டலீன்.

"விடுங்கோ அக்கா," என்றாள் நிரூபா, தேத்தண்ணிக் கேத்தலைப் பார்த்துக்கொண்டு. "பிறகு வீட்டுக்குப் போகவேணுமெல்லோ."

மக்டலீனுக்கு அந்த மண்டபத்தில் மற்ற எல்லாரையும்விட அந்த நேரம் நிரூபாவில்தான் கோபம் வந்தது. அடுத்த கணமே, தானும் பதினொரு வருடம் இப்படித்தானே கேத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதும் வந்தது. தியாகலிங்கம் ஒலிவாங்கியைத் தட்டி, "இது குடும்ப விசயம், குடும்பத்துக்குள்ள பேசித் தீர்க்கவேண்டியது, இப்ப தேத்தண்ணி இடைவேளை," என்றார். சனம் அவளுக்கு முன்னாலேயே வந்து ரோல்ஸ் எடுத்தது. ஒருவரும் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. எட்வேட் மட்டும் கிட்ட வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "சந்தோசமோ? பேரைக் கெடுத்துப்போட்டீர்," என்றார்.

"எந்தப் பேரை?" என்று மக்டலீன் கேட்டாள். "அதுவும் என்ரதான்."

அவள் கோப்பையை வைத்துவிட்டு வெளியே நடந்தாள். காரின் திறப்பு அவளுடைய கைப்பையில்தான் இருந்தது. எட்வேட் எப்படி வீட்டுக்கு வருவார் என்று யோசிக்கவில்லை. மண்டபம் இருந்த பிளாசாவின் மறுகோடியில் காரை நிறுத்தி, அதற்குள்ளேயே இருந்து பதிலை எழுதினாள். நான் அந்த வீட்டைப் பார்க்கவில்லை. உறுதித் தாளை நான் எழுதவில்லை, அதன் கையெழுத்தை நான் வைக்கவில்லை. லைசென்ஸ் இல்லாத என் கணவர் பதினொரு வருடமாக என் பெயரில் வீடு காட்டுகிறார். அது எனக்குத் தெரியும், நான் தடுக்கவில்லை. எழுதி முடித்ததும் திருத்தாமல் அனுப்பினாள். அனுப்பி அரைமணி நேரத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுந்தது. எட்வேட் கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை, பக்கத்தில் தியாகலிங்கம். குடும்பத்தில் ஒருவருக்கு லைசென்ஸ் இருந்தால் போதும், குடும்பத்தின் எவரும் பதவிக்கு வரலாம் என்று யாப்பில் இருக்கிறதாம். ஏகமனதாகத் தெரிவு. நூற்றுச் சொச்சம் பேர் கைகூப்பும் படமும் பூங்கொத்தும் போட்டிருந்தார்கள். நிரூபாவும் ஒரு பூங்கொத்துப் போட்டிருந்தாள்.

அடுத்த ஏழு மாதம் எப்படிப் போயிருக்கும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று கோயில் வாசலில் பேச்சு. வீட்டில் எட்வேட் மறுபடியும் அந்த முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இந்தத் தரம் மக்டலீன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். ஆனி மாதம் தீர்ப்பு வந்தது. ஒன்பது மாதம் லைசென்ஸ் இடைநிறுத்தம், தண்டப் பணம், ஒழுக்கநெறி வகுப்பு ஒன்று. லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்ததற்கு எட்வேட்டுக்கு வேறாக ஒரு கடிதம் வந்தது. அதை அவர் திறக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தார். வீடுகளுக்கு முன்னால் நட்டிருந்த விற்பனைப் பலகைகள் இறங்கின, வாங்குகளில் படம் மாறியது. ஒன்றியத்துத் தலைவர் பதவி மட்டும் இறங்கவில்லை. அந்த மாதமே ஒரு தமிழ் வானொலியில் அவரைக் கூப்பிட்டு, வீடு வாங்குவோர் கவனிக்கவேண்டிய விடயங்கள் பற்றி ஒரு மணித்தியாலம் பேச வைத்தார்கள். பேஸ்மென்ட் ஜன்னல்களைக் கட்டாயம் அளந்து பார்க்கச் சொன்னார். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு அதைக் கேட்ட மக்டலீன் வானொலியை நிறுத்தவில்லை. முழுவதையும் கேட்டாள். கோபம் ஆறிப்போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

ஆடி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, எட்வேட் முகம் மழித்துக்கொண்டிருக்க, குசினி மேசையில் கிடந்த அவருடைய ஃபோன் அடித்தது. கார்ட்டுகளிலும் கலண்டர்களிலும் இருந்த இலக்கம் அதுதான். மக்டலீன் எடுத்தாள்.

"எட்வேட் அண்ணையோ?" ஓர் ஆண் குரல்.

"இல்லை."

"ஓ, மிசிஸோ. அண்ணையிட்டைக் குடுங்கோ. வெக்ஸ்போர்ட்டில எங்கட வீட்டை விக்கப் போறம்."

"அவருக்கு லைசென்ஸ் இல்லை."

"என்னக்கா பகிடி விடுறியள். போன கிழமையும் ரேடியோவில கதைச்சவர். சங்கத் தலைவரெல்லோ?"

"ஓம், தலைவர். லைசென்ஸ் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. எனக்குத்தான் இருந்தது. இப்ப ஒன்பது மாதத்துக்கு அதையும் நிப்பாட்டி வைச்சிருக்கினம். மார்ச்சில திரும்பி வரும்."

குளியலறைக் கதவு திறந்தது. பாதிக் கன்னத்தில் நுரையோடு எட்வேட் வந்து நின்று, ஃபோனுக்குக் கையை நீட்டினார்.

"சரி அக்கா, எங்களுக்கு அவசரமில்லை," என்றது குரல். "அப்ப மார்ச்சில அண்ணையோட கதைக்கலாம் என்ன?"

மக்டலீன் நீட்டின கைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"இல்லைத் தம்பி," என்றாள். "பேனை எடுங்கோ. இது அவரின்ர நம்பர், இதை வெட்டுங்கோ. என்ர நம்பரைச் சொல்லுறன், எழுதுங்கோ. முதல்ல பேரை எழுதுங்கோ. மக்டலீன்."